மலிவுத் தாளின் ஆயுசு

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் வாங்குகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. எடுத்த புத்தகத்தின் பெயரையோ பதிப்பாண்டையோ அவர்கள் முதலில் பார்ப்பதில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். கீழ்மூலையைச் சின்னதாக மடித்து, நகத்தால் ஒரு நீவு நீவி, மறுபக்கமும் மடித்து, லேசாக இழுத்துப் பார்ப்பார்கள். மூலை கையோடு வந்துவிட்டால் புத்தகம் திரும்பக் குவியலுக்குப் போகும். கடைக்காரருக்கு இந்த ரகத்தைக் கண்டாலே ஆகாது. "ஒடிச்சா வாங்கிக்கணும் சார், இப்பவே சொல்லிட்டேன்" என்பார்.

பெரிய நூலகங்களிலும் இதே சோதனைதான் நடந்தது. மூலையை முன்னும் பின்னும் எத்தனை தடவை மடித்தால் ஒடிகிறது என்று எண்ணி, தேறாத புத்தகங்களை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்துவிட்டு அமெரிக்க நூலகங்கள் பல கழித்துக்கட்டின. இதைக் கண்டித்து நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் 2001-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். மடித்தால் ஒடிகிற தாள், பார்த்துப் புரட்டினால் இன்னும் பல காலம் தாங்கும் என்பது அவர் வாதம். அது நியாயம்தான். புத்தகத்தை யாரும் மடித்துப் படிப்பதில்லை. ஆனாலும் அந்த மூலை ஒரு செய்தியைச் சொல்கிறது. அது கடைக்காரர் நினைக்கிற மாதிரி வாங்குகிறவரின் குறும்பு மட்டும் இல்லை.

1970-களில் வந்த மாத நாவல் ஒன்றை எடுத்து மூலையை மடித்தால் அநேகமாக ஒடியும். இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பிய அச்சுப் புத்தகம் ஏதாவது நூலகத்தில் கைக்கு வந்தால், அதன் தாள் துணி மாதிரி வளையும். வயதில் மூத்தது இளமையாக இருக்கிறது. நேற்று வந்தது கிழடு தட்டிப்போகிறது. தாளுக்குள் போய்ப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு புரியும்.

எந்தத் தாளானாலும் அடிப்படைச் சரக்கு செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் நீளும் சங்கிலி அது. அரிசியிலுள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான், கண்ணிகள் கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்த ஒரு வேறுபாட்டால் சோறு நமக்குச் செரிக்கிறது, தாள் செரிப்பதில்லை. செல்லுலோஸ் சங்கிலிகள் கூடி இழையாகின்றன, இழைகள் பின்னித் தாளாகின்றன. சங்கிலிகள் நீளமாக இருக்கும்வரை தாள் எந்தப் பக்கம் மடித்தாலும் கொடுத்துப் போகும். அவை நடுநடுவே அறுபட்டு, சங்கிலிக்குச் சராசரியாக 200, 300 கண்ணிகள்தான் மிச்சம் என்ற நிலை வரும்போது மடிப்பு தாங்காது.

அறுப்பது அமிலம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. அமிலமோ செலவாவதில்லை. ஒரு கண்ணியை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. போதாததற்கு, அறுபட்ட துண்டுகள் மேலும் சிதைந்து ஃபார்மிக் அமிலம், அசெட்டிக் அமிலம் என்று புதுசு புதுசாக அமிலங்களைப் பெற்றுப்போடுகின்றன. புளித்த மாவில் ஒரு கரண்டி புது மாவில் விழுந்த கதைதான்: நேரம் போகப்போகப் புளிப்பின் வேகமும் கூடும். பல ஆண்டு நன்றாக இருந்த புத்தகம் பிறகு நாலைந்து ஆண்டுக்குள் மளமளவென்று பழுத்துப்போவது இதனால்தான்.

இந்த அமிலம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தாள் செய்கிற இடத்திலேயே உள்ளே போட்டது. வெறும் இழைத்தாளில் எழுதினால் மை ஊறிப் பரவும். அதைத் தடுக்க ஐரோப்பாவில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த வஜ்ஜிரத்தில் தாளைத் தோய்த்துக் காயவைத்தார்கள். தாள் தாளாகச் செய்ய வேண்டிய வேலை, செலவும் அதிகம். 1807-இல் மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர் எளிய வழி ஒன்றைக் கண்டு வெளியிட்டார். பைன் மரப் பிசினையும் படிகார உப்பையும் கூழிலேயே கலந்துவிட்டால் தாள் வரும்போதே மை ஊறாத தாளாக வரும். வேலை மிச்சம், காசு மிச்சம். ஆலைகளில் படிகாரம் என்று சொல்லப்படுவது அலுமினியம் சல்ஃபேட். அது ஈரத்தோடு சேர்ந்தால் கந்தக அமிலத்தின் குணத்தைக் காட்டும் என்பதைப் பற்றி அன்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த மலிவு மரத்திலிருந்து வந்தது. அதுவரை ஐரோப்பியத் தாள் கந்தல் துணியில் செய்யப்பட்டது. படிப்பவர் பெருகப் பெருகக் கந்தலுக்குப் பஞ்சம் வந்தது. 1840-களில் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் கெல்லர் மரக்கட்டையை அரைகல்லில் வைத்துத் தேய்த்துக் கூழாக்கினார். ஏறக்குறைய அதே நேரத்தில் கனடாவில் சார்லஸ் ஃபெனர்ட்டி என்பவரும் மரக்கூழில் தாள் செய்து காட்டினார். காடு முழுக்க மூலப்பொருள் ஆனது. தினசரி, வார இதழ், மலிவு நாவல், பள்ளிப் பாடப்புத்தகம் எல்லாம் இந்தத் தாளின் முதுகில் ஏறித்தான் ஊர் ஊராகப் போயின. ஆனால் அரைத்த கட்டையில் செல்லுலோஸ் மட்டும் வருவதில்லை. மர இழைகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தும் லிக்னினும் கூடவே வருகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். நாளிதழை ஓரிரு நாள் மொட்டைமாடி வெயிலில் போட்டுவிட்டு எடுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்.

புத்தகத்தை மலிவாக்கியது எதுவோ அதுதான் அதன் ஆயுளையும் குறைத்தது. இது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் ஆவணங்களைச் செப்பனிடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த வில்லியம் பாரோ, 1900 முதல் 1949 வரை அச்சான 500 புத்தகங்களை எடுத்து, தாளை மடித்தும் கிழித்தும் அளந்தார். அவற்றில் பெரும்பாலானவை அடுத்த நூற்றாண்டில் புழங்க உதவாது என்று 1959-இல் அவர் சொன்னபோது நூலகர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நம் ஊரில் இந்த மலிவுத் தாளுக்கு ஒரு விசேஷமான வாழ்க்கை இருந்தது. பழைய புத்தகக் கடைக் குவியலில் காலிகோ முதுகும் மார்பிள் காகித அட்டையுமாகக் கிடக்கும் கனமான தொகுதி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வார இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதை. பக்க எண் 17-லிருந்து 22 வரை போகும், அப்புறம் திடீரென்று 9-க்குத் தாவும், அது அடுத்த வாரம். அத்தியாயம் முடிந்த பக்கத்தின் பின்னால் பாதி சோப்பு விளம்பரம், கால்பங்கு துணுக்கு, யாரோ ஒரு வாசகரின் சமையல் குறிப்பு. அட்டையின் உள்பக்கத்தில் வீட்டுத் தலைவியின் பெயர், தெருப் பெயர், அடியில் 'படித்துவிட்டுத் திருப்பித் தரவும்' என்று மசிப்பேனாவில் எழுதியிருக்கும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்தபோது, புத்தகமாக வரும்வரை காத்திருக்காமல் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் அதை நூலாக்கிக்கொண்டார்கள். அத்தை வீட்டிலிருந்து சித்தி வீட்டுக்கு, அங்கிருந்து எதிர்வீட்டுக்கு, கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளைகளோடு அடுத்த ஊருக்கு என்று அந்தத் தொகுதி போய்க்கொண்டே இருக்கும். பைண்டிங் கூலி தவிர வேறு செலவில்லை. தமிழில் இவ்வளவு வாசகரை இவ்வளவு குறைந்த காசில் சென்றடைந்த வேறு ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தாளோ, ஒரு வாரம் இருந்தால் போதும் என்று செய்த நியூஸ்பிரிண்ட். இன்றும் கடைகளில் அவை கிடைக்கின்றன என்பதுதான் வியப்பு. ஓரம் கருஞ்சிவப்பாகப் பழுத்திருக்கும், நடுப்பக்கம் மட்டும் வெளிர்மஞ்சளாக இருக்கும். ஸ்டேபிள் பின் இருந்த இடத்தில் துருக்கறை படிந்து, அதைச் சுற்றித் தாள் பொடிந்திருக்கும். இரும்பும் செம்பும் செல்லுலோஸைக் காற்றோடு சேரவைத்துச் சிதைக்கும் வினையை வேகப்படுத்துபவை. ஒரு பின், தன்னைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தாளைத் தின்றுவிடும்.

இடையில் தமிழ்நாட்டுத் தாளின் மூலப்பொருளே மாறிய கதையும் உண்டு. 1979-இல் தொடங்கி, 1984-இல் உற்பத்திக்கு வந்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் பக்கத்தில் காகிதபுரத்தில் இருக்கிறது. அதன் முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் அதுவரை சக்கையைத்தான் அடுப்பில் எரித்து ஆலையை ஓட்டின. அவர்களுக்கு வேறு எரிபொருளுக்கு வழி செய்து கொடுத்துவிட்டுச் சக்கையை இந்த ஆலை வாங்கிக்கொண்டது. சக்கையின் நடுவிலுள்ள பஞ்சு போன்ற சோற்றை முதலில் நீக்க வேண்டும், அது தாளுக்கு ஆகாது. மீதியிருக்கும் இழையும் குட்டை என்பதால் மரக்கூழைக் கலந்துகொள்வார்கள். காபியில் கரைந்த சர்க்கரையும் கையிலிருக்கும் நாவலின் தாளும் ஒரே வயலில் விளைந்தவையாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்குப் பிடித்தமானது.

கரும்புச் சக்கைக்கும் பழைய புத்தகத்தின் வாசனைக்கும்கூட ஒரு தொடர்பு இருக்கிறது. பழைய தாள் சிதையும்போது ஆவியாகும் பொருள்கள்தான் அந்த வாசனை. செல்லுலோஸின் உடன்பிறப்பான ஹெமிசெல்லுலோஸ் உடைந்தால் ஃபர்ஃப்யூரல் வரும். பாதாம் மணமும் கொஞ்சம் ரொட்டி மணமும் அதற்கு உண்டு. தொழிற்சாலைகளில் ஃபர்ஃப்யூரல் எடுக்கும் மூலப்பொருள்களில் கரும்புச் சக்கையும் ஒன்று. லிக்னின் உடைந்தால் வருவதில் ஒன்று வெனிலின், ஐஸ்கிரீமில் போடுகிற அதே வெனிலா மணம். ஒரு காலத்தில் உலகத்துக்குத் தேவையான வெனிலினில் பெரும்பங்கு காகித ஆலைக் கழிவுநீரிலிருந்துதான் எடுக்கப்பட்டது. இவற்றோடு அசெட்டிக் அமிலத்தின் லேசான காடி நெடியும் சேர்ந்தால் பழைய புத்தகக் கடை வாசனை தயார்.

இந்த வாசனையை வைத்தே புத்தகத்தின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம் என்று 2009-இல் மட்டியா ஸ்ட்ர்லிச் குழுவினர் காட்டினார்கள். 72 பழைய தாள்களிலிருந்து வெளியேறிய ஆவிகளை அளந்து, எந்தத் தாளில் அமிலம் அதிகம், எதில் லிக்னின் அதிகம் என்பதைத் தாளைத் தொடாமலே கண்டுபிடிக்க வழி சொன்னார்கள். அதே ஸ்ட்ர்லிச்சும் செசிலியா பெம்பிப்ரேவும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பர்மிங்காம் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களிடம் பழைய புத்தக வாசனை ஒன்றை, என்னவென்று சொல்லாமல், முகரக் கொடுத்தார்கள். அதிகம் பேர் சொன்ன பதில் சாக்லேட். அடுத்தது காபி. வறுத்த கொட்டைகளில் வருகிற ஆவிகள் சில பழைய தாளிலும் வருவதால் இந்தப் பதில்களில் தவறில்லை. பழைய புத்தகத்தை மூக்கில் வைத்து மகிழ்கிறவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளலாம்: அங்கே மணப்பது அந்தப் புத்தகம் கரைகிற மணம்.

அந்த ஆவி வெளியே போக வழியில்லாவிட்டால் என்ன ஆகும்? லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவில் இருந்த சந்துரு ஷஹானி 1990-களில் இதைச் சோதித்தார். ஒரே வகைத் தாளைத் தனித்தனியாகத் தொங்கவிட்டும், அடுக்கிக் கட்டியும் ஒரே வெப்பத்தில் வைத்துப் பார்த்தார். அடுக்கின் நடுவில் இருந்த தாள்கள் தொங்கவிட்டவற்றைவிட விரைவாகக் கெட்டன. தாள் பெற்றெடுக்கும் அமிலம் வெளியேற முடியாமல் பக்கத்துத் தாளையே அறுக்கிறது. பூட்டிய கண்ணாடி அலமாரியில், பத்து ஆண்டாக ஒருவரும் எடுக்காமல் நெருக்கி அடுக்கிய புத்தகங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வெப்பத்தின் கணக்கு இன்னும் கொடுமை. வெப்பநிலை 5 டிகிரி கூடினால் தாள் சிதையும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது ஆவணக் காப்பாளர்களின் கைக்கணக்கு. லண்டனில் 20 டிகிரி அறையில் இருக்கும் புத்தகத்தையும் சென்னையில் 30 டிகிரி அறையில் இருக்கும் அதே புத்தகத்தையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால், நம்முடையது நான்கு மடங்கு வேகத்தில் மூப்படைகிறது. ஈரக்காற்று அதற்கும் மேல். வெட்டுக்குத் தேவையான தண்ணீரைக் கடற்கரை ஊர்க் காற்று தாராளமாகக் கொடுக்கிறது. இதில் ஒன்றுகூட, புத்தகத்தை யாராவது படிக்கிறார்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. படித்தால் முதுகு தளரும், பக்கம் கிழியும், காபி கொட்டும், உண்மைதான். ஆனால் படிக்காமல் வைத்தாலும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

பனையோலைக் காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தப்பி ஓர் ஏடு முந்நூறு ஆண்டு தாங்கினாலே பெரிய விஷயம். அதனால் ஏடு நைந்துபோவதற்குள் இன்னொருவர் அதைப் பார்த்து எழுதியாக வேண்டும். எழுதி முடித்த பிறகு பழைய ஏட்டை ஆற்றில் விட்டார்கள், சில இடங்களில் நெருப்பில் இட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப்போன உ.வே. சாமிநாதையரிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அழிக்கிற சடங்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பு நடக்க வேண்டிய படியெடுப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று அவர் அச்சேற்றியது, நின்றுபோன அந்தப் படியெடுப்பை வேறு பொருளில், வேறு வேகத்தில் மறுபடி தொடங்கிய காரியம். ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கில் படி வந்துவிட்டது. ஆனால் வந்த தாள் ஓலையைவிட அற்பாயுசு. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு தனிமனிதராகச் சேர்த்துவைத்த பழந்தமிழ் அச்சுநூல்களை அவர் மறைவுக்குப் பின் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியபோது, உடனே தொடங்கிய வேலைகளில் ஒன்று மைக்ரோஃபிலிம் எடுப்பது.

பூச்சியைப் பற்றியும் கொஞ்சம். இராமபாணம் என்று பெரியவர்கள் சொல்வது நேர்கோட்டில் துளை போடுகிற ஒரு குட்டி வண்டின் புழு. இந்திய நூலகங்களில் அதிகம் அகப்படுவது காஸ்ட்ராலஸ் இண்டிகஸ் என்ற இனம். வண்டு புத்தகத்தில் முட்டையிட்டுப் போய்விடும். புழுதான் மாதக்கணக்கில் உள்ளே தின்றுகொண்டே போகும். வாங்கும்போது துளைக்கு நேரே மெல்லிய மாவு போலத் தூள் கொட்டினால், குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யவில்லை என்று அர்த்தம். வெள்ளிப்பூச்சி வேறு சாதி. அது துளைப்பதில்லை, மேலாகச் சுரண்டும். பசையும் மாவும் அதற்கு விருப்பம், தாளையே செரிக்கும் நொதியும் அதன் வயிற்றிலேயே சுரக்கிறது. மாதக்கணக்கில் பட்டினியும் கிடக்கும். பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவது இவற்றை விரட்டத்தான். மயில்துத்தம் செம்பு உப்பு. பூச்சி வராது என்பது சரி, ஆனால் பின்னின் இரும்பு செய்கிற வேலையைச் செம்பும் செய்யும். முதுகோரத்தில் தாள் சீக்கிரம் பழுப்பதற்கு அதற்கும் ஒரு பங்கு உண்டு.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. புதிதாக வாங்கிய பழைய புத்தகத்தைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் நன்றாகக் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே வைத்தால் முட்டையும் புழுவும் செத்துப்போகும். நூலகங்களே இதைத்தான் இன்னும் குளிரான பெட்டிகளில் செய்கின்றன. வெயிலில் காயப்போடுகிற வழக்கத்தை விட்டுவிடலாம். பூச்சி நிழலுக்கு ஓடிவிடும், லிக்னின் ஓட முடியாது.

பலர் கை பட்ட புத்தகம் நோய் தரும் என்ற பயம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது ஒரு பீதியாகவே கிளம்பியது. அம்மையும் காசநோயும் நூலகப் புத்தகம் வழியாகப் பரவுகின்றன என்று நம்பி, புத்தகங்களை ஆவியிலும் ரசாயனப் புகையிலும் வேகவைத்தார்கள். தொற்றுநோய் உள்ளவர் நூலகப் புத்தகம் எடுப்பதை பிரிட்டனில் 1907-இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. கொரோனா காலத்தில் அமெரிக்க நூலகங்களுக்காக நடந்த சோதனைகளில், தனியாக வைத்த புத்தகங்களில் மூன்று நாளுக்குள் வைரஸைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது. அடுக்கி வைத்தவற்றில் ஆறு நாளுக்குப் பிறகும் கண்டுபிடிக்க முடிந்தது. இங்கேயும் அடுக்குதான் வில்லன்.

நோயைவிட வேறொன்றைத்தான் கைகள் அதிகம் விட்டுச் செல்கின்றன. கேத்தரின் ரூடி என்ற கலை வரலாற்றாளர் 2010-இல் ஒரு வேலை செய்தார். இடைக்கால ஐரோப்பிய ஜெபப் புத்தகங்களின் பக்க ஓரங்களில் படிந்த அழுக்கை, இருட்டை அளக்கும் கருவியால் பக்கம் பக்கமாக அளந்தார். கொள்ளைநோயிலிருந்து காக்கும்படி வேண்டுகிற ஜெபங்கள் அதிகம் அழுக்கேறியிருந்தன. பின்னிரவில் சொல்ல வேண்டிய ஜெபமொன்றில் முதல் சில பக்கம் மட்டும் அழுக்கு, அடுத்தவை சுத்தம். பாதியில் தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. இதையும் தாண்டிப் போனவர்கள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழைய யார்க் நற்செய்தி நூலை ஆராய்ந்தவர்கள். தோலாலான அதன் பக்கங்களைச் சுத்தம் செய்ய ரப்பரால் மெல்லத் தேய்த்தபோது உதிர்ந்த ரப்பர்த் துகளை எறிந்துவிடாமல் சேர்த்து, எந்த விலங்கின் தோல் என்பதையும், தொட்டவர்களின் டி.என்.ஏ.வையும், தோலிலும் வாயிலும் வாழும் பாக்டீரியாவின் சுவடுகளையும் அதிலேயே கண்டார்கள். இது 2017-இல் வெளியானது. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிற நம்மவர்களின் தொடர்கதைத் தொகுதியில் யாராவது ரப்பரை வைத்தால், மூன்று தலைமுறை அத்தைகள் அகப்படுவார்கள்.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு இந்த வேதியியல் எதுவும் தேவைப்படவில்லை. 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை எழுதியபோது, புத்தகம் இருப்பது புழங்குவதற்காக என்பதை முதல் விதியாக வைத்தார். ஐரோப்பிய நூலகங்கள் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு மேசையோடு கட்டி வைத்திருந்த வரலாறு அவருக்குத் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் ஏற்பாட்டில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. வண்டியில் புத்தகங்களை அடுக்கி, ஊர் ஊராக ஓட்டிப் போய்ப் படிக்கக் கொடுத்தார்கள். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததில் ரங்கநாதனுக்குப் பெரும் பங்கு உண்டு. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற நமக்குத் தெருக்கோடி நூலகத்தில் ஏற்கெனவே ஒரு பங்கு இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதை நான் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

இப்போது வருகிற புத்தகங்களின் நிலைமை வேறு. உலகெங்கும் பெரும்பாலான ஆலைகள் படிகாரத்தைக் கைவிட்டு, அமிலமில்லாத முறைக்கு மாறிவிட்டன. நல்லெண்ணம் மட்டும் காரணமில்லை. கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணப்பொடி, கூழைவிட மலிவு. அதைத் தாளில் கலந்தால் வெண்மையும் கூடும், அமிலத்தையும் அது விழுங்கிவிடும். நீடித்துழைக்கும் தாளுக்கென்று 1994-இல் ஐ.எஸ்.ஓ. 9706 என்ற தரமும் வந்தது. நல்ல மேப்லித்தோத் தாளில் அச்சான இன்றைய நாவலின் மூலை உங்கள் பேத்தி மடித்துப் பார்த்தாலும் ஒடியாது. ஆனால் முதுகு? தையல் போய், சூட்டில் உருகும் பசை வந்துவிட்டது. மே மாதத்தில் காருக்குள் வைத்த புத்தகத்தில் அது இளகும், வயதானால் விறைத்து வெடிக்கும். தாள் நூறாண்டுக்குத் தயாராக இருக்க, பக்கங்கள் இரண்டாவது வாசகரிடமே கழன்று விழுகின்றன.

கழன்றதை எடைக்குப் போட்டுவிடாமல் பைண்டரிடம் கொடுக்கலாம். பசை பைண்டிங்கில் ஃபாரங்களின், அதாவது மடித்த தாள் கற்றைகளின், முதுகை ஏற்கெனவே வெட்டியிருப்பதால் நடுத்தையல் போட முடியாது, பக்கத்தையல்தான். உள்மார்ஜின் கொஞ்சம் போகும், புத்தகம் மேசையில் தானாக விரிந்து நிற்காது. பசையில் மயில்துத்தம் அளவாகப் போதும் என்றும், இரும்புப் பின்னுக்குப் பதில் நூல் என்றும் கேட்டால் செய்து தருவார்கள். தகராறு வருவது ஓரத்தில்தான். மூன்று பக்கமும் சீராக வெட்டினால்தான் பைண்டருக்கு வேலை முடிந்த திருப்தி. பழுத்த ஓரம்தானே போகிறது என்பது அவர் கட்சி. ஆனால் ஒருமுறை வெட்டிய தொகுதியில் பென்சில் குறிப்பு போய்விடும், இரண்டாம் முறை பக்க எண், மூன்றாம் முறை வரியின் கடைசி எழுத்து. 'ஓரம் வெட்ட வேண்டாம்' என்று வாயால் சொல்வதோடு, ஒரு சீட்டில் பெரிதாக எழுதி முதல் பக்கத்தில் செருகியும் கொடுங்கள். கட்டிங் மெஷினில் நிற்கிற பையனிடம் யாரும் போய்ச் சொல்ல மாட்டார்கள்.